மகனுக்கு, காணிக்கையைக் குறித்து

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். சிங்கப்பூர் தோ பாயோவில் நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. நீயும் மருமகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் பேசினால் நீ பேச்சை வீட்டுக் கடன் பக்கம் திருப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாக முழுவதையும் வாசி.

பாளையங்கோட்டைச் சின்னத்தை மகளின் படிப்புச் செலவைப் பற்றி அப்பா குடும்பக் குழுவில் எழுதியபோது நீ ஒருவன்தான் பதில் போடவில்லை. பிறகு நான் கேட்டதற்கு, "கை இறுக்கமாக இருக்கிறது அம்மா, பொங்கோல் வீடு ஒரு நிலைக்கு வரட்டும், தாராளமாகக் கொடுக்கிறேன்" என்றாய். நீ கொடுக்க மனமில்லாதவன் அல்லன். முதல் சம்பளத்தை ஒரு வெள்ளியும் எடுக்காமல் உறையிலிட்டுப் பீடத்தில் படைத்த பிள்ளை நீ. அன்று அப்பா யாரிடமும் பேச முடியாமல் நின்றதை நான் பார்த்தேன். ஆகையால்தான் இந்தப் பதில் என் மனதைவிட்டு அகலவில்லை.

எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் சேகரித்த தர்மப்பணத்தைப் பற்றி இரண்டாம் கொரிந்தியரில் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களை மறுபடியும் வாசித்துப் பார். கொரிந்து வியாபாரம் செழித்த துறைமுகப் பட்டணம். அங்கிருந்த சபையார் ஒரு வருஷத்துக்கு முன்னமே கொடுக்க மனதாயிருந்தும் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. மக்கெதோனியா சபையாரோ கொடிய தரித்திரத்திலும் உபத்திரவத்திலும் இருந்துகொண்டு, எங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று பவுலை வருந்திக் கேட்டுக்கொண்டு, தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள். வசதி வந்த பிறகு தாராளம் வரும் என்று நீ எண்ணுகிறாய். வேதத்தில் அது அப்படி வரவில்லை, நான் பார்த்த வாழ்க்கையிலும் வரவில்லை.

உன் பாட்டியை நினைத்துப் பார். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த பழக்கம் அது: சோற்றுக்கு அரிசி அளந்தவுடன், உலை கொதிக்கும் முன்பாகவே, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பழைய மைலோ டின்னில் போட்டு மூடிவிடுவார். மிஞ்சியதை அல்ல, அளந்ததிலிருந்து எடுப்பார். அதனால் அந்த வேளைக்கு ஒரு பிடி குறையத்தான் செய்யும். டின் நிறைந்ததும் நம் மாடியில் யார் வீட்டில் அடுப்பு மந்தமாக எரிகிறது என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, பேப்பர் பையில் கட்டி, கதவருகே வைத்துவிட்டு வந்துவிடுவார். திருநெல்வேலிச் சீமையின் பெண்கள் இப்படிச் சேர்த்த கைப்பிடி அரிசிக் காணிக்கை சாதாரணமான காரியம் அல்ல. 1903-இல் அங்கே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டுப் பணத்தை நம்பவில்லை. நம் ஜனங்களின் காணிக்கையைக் கொண்டுதான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அந்த ஜனங்களில் பெரும் பணக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், நீயே சொல்.

வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தை, சம்பளத்தில் மத்திய சேம நிதிக்குப் பிடிப்பதற்கு முன் கணக்கிடுவதா, பின் கணக்கிடுவதா என்று ஒருமுறை கேட்டாய். "அவனவன் தன் மனதில் நியமித்தபடியே" என்றுதான் அப்போஸ்தலன் பவுல் எழுதினான்; விசனமாயும் வேண்டாம், கட்டாயமாயும் வேண்டாம் என்றான். விகிதம் சொல்லவில்லை என்பதற்காகக் குறைத்துக்கொள்ளும் சலுகையாக அதை எடுத்துக்கொள்ளாதே. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு உன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தானாகப் போகிறது, நல்லது. வரியில் இரண்டரை மடங்கு கழிவு கிடைக்கும் அறநிறுவனங்களுக்கும் ஆண்டு முடிவில் கொடுக்கிறாய். அதையும் நிறுத்தாதே, அந்தப் பணத்தால் நோயாளிகளும் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். ஆனால் ஆலயத்துக் காணிக்கைக்கும் சின்னத்தை மகளுக்கும் எந்தக் கழிவும் கிடையாது, அங்கே திரும்பி வருவது ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் உன் கை எப்படி இருக்கிறது என்பதே என் கேள்வி.

கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று ஆசை காட்டும் பிரசங்கங்களை நீ வெறுக்கிறாய், நானும் வெறுக்கிறேன். காணிக்கைப் பணம் நீதிமன்றம்வரை போன செய்திகளையும் நாம் வாசித்தோம். அதற்குப் பரிகாரம் கையை மூடுவது அல்ல. ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து, தணிக்கை செய்த கணக்கைக் கையில் வாங்கி, வரிக்கு வரி கேள். கேட்பதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்க நீ அங்கே இருக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு எனக்கு முன் வரிசையில், துவாஸ் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து வரும் தம்பிகளில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைகளில் வெடிப்பு, நகக்கண்ணில் போகாத சிமெண்ட். காணிக்கைப் பை வரும் முன்பே ஓர் ஊதா நிற இரண்டு வெள்ளி நோட்டை நான்காக மடித்து, விரல்களுக்கிடையே வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு எவ்வளவு கடன் என்று யாருக்குத் தெரியும்? உன் இடம் அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. காணிக்கையைக் கைப்பேசியில் குறியீட்டை வருடி, பேநவ் வழியாக அனுப்பலாம் என்பாய், அனுப்பலாம்தான். பக்கத்தில் இருப்பவரின் தேவை அந்தக் குறியீட்டில் தெரியாது, மகனே.

நீ குறைவாகக் கொடுக்கிறாயே என்பது என் கவலை அல்ல, ஆலயத்துக்கு வருவதில்லையே என்பதுதான். அங்கே பொங்கோல் பக்கம் வேறு ஏதாவது சபைக்குப் போகிறீர்களா? போவதாக இருந்தால் சந்தோஷப்படுவேன், காணிக்கையையும் அங்கேயே கொடு. மருமகளுக்கு நம் ஆராதனை நீளமாக இருக்கிறது என்றால் அதையும் மனம்விட்டுச் சொல். உண்மையிலேயே பணத் தட்டுப்பாடு என்றால் அப்பாவிடம் மறைக்காதே; பெற்றவர்களிடம் வாங்குவதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

சின்னத்தை மகளுக்கு இந்த மாதம் ஐம்பது வெள்ளியாவது அனுப்பு; முடியாவிட்டால் இருபது. உள்ளதின்படியே கொடுத்தால் போதும், இல்லாததின்படி யாரும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டு அவளிடம் இரண்டு வார்த்தை பேசு. அறுப்பின் பண்டிகைக்கு நான் பலகாரம் செய்கிறேன். தூக்கிக்கொண்டு வர அப்பாவால் முடியாது, நீ காரில் வந்தால் உதவியாக இருக்கும்.

ஜெபத்துடன்,
அம்மா