முதல் வரிக்குக் கோடு போட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கான உங்கள் பக்கத்தில், ஒரு பத்தியைக் கொடுத்து அதன் மையக் கருத்து எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று கேட்கும் பயிற்சி அடிக்கடி வருகிறது. என் மகள் பத்தியைப் படிப்பதே இல்லை, முதல் வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு "முடிஞ்சது" என்கிறாள். கேட்டால் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். பெரும்பாலும் விடையும் சரியாக வந்துவிடுகிறது, எனக்குக் கவலையே அதுதான்.

"நிலவில் காற்று இல்லை என்றே சொல்லலாம்." இந்த வாக்கியம் பொதுவான கருத்தா, குறிப்பான விவரமா? தனியாக வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதைத் தொடர்ந்து, அங்கே பகலிலும் வானம் கறுப்பாகவே தெரியும், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, 1969இல் மனிதன் பதித்த காலடித் தடத்தைக் கலைக்க அங்கே காற்று வீசாது என்றெல்லாம் வந்தால், பத்தி முழுவதையும் தாங்குவது அந்த வாக்கியம்தான். அதையே தூக்கி "நிலவு பூமியைப் போன்ற இடம் அல்ல" என்று சொல்லும் பத்தியில் போடுங்கள். ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான், ஒரு பகலும் ஓர் இரவும் முடிய நம் கணக்கில் சுமார் 29½ நாள் ஆகும் என்ற வாக்கியங்களுக்கு நடுவே அது இன்னொரு விவரமாகிவிடும். ஒரு எழுத்துகூட மாறவில்லை, பக்கத்தில் இருப்பவை மாறியதால் அதன் வேலை மாறிவிட்டது.

இது நமக்குப் புதிதும் அல்ல. சாரைப்பாம்பு என்பது இருபெயரொட்டுப் பண்புத்தொகை, அதில் சாரை சிறப்புப் பெயர், பாம்பு பொதுப் பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே. அதே பாம்பை ஊர்வன என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் பாம்பு சிறப்பாகிவிடும். சொல்லுக்கு இதைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு வாக்கியத்துக்கும் புரியும், யாராவது ஒருமுறை சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எண் இருந்தால் அது விவர வாக்கியம் என்று இன்னொரு குறுக்கு வழியும் சொல்லித் தருகிறார்கள். "ஆக்டோபசுக்கு மூன்று இதயங்கள்" என்று தொடங்கி, இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தத்தை அனுப்புகின்றன, மூன்றாவது உடலின் மற்ற பகுதிகளுக்கு அனுப்புகிறது என்று போகும் பத்தியில் எண் உள்ள அந்த முதல் வாக்கியம்தான் மையம். அப்புறம், இதே பத்திக்கு முன்னால் "உலகில் பலவகை உயிரினங்கள் வாழ்கின்றன" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் என் மகள் நிச்சயம் அதற்குத்தான் கோடு போடுவாள். அது பொதுவான வாக்கியம்தான், ஆனால் இந்தப் பத்திக்கு ரொம்பவே பெரிய சட்டை, எந்த விலங்கைப் பற்றிய கட்டுரைக்கும் அதை மாட்டலாம். நம் பள்ளிக் கட்டுரைகள் பாதி இப்படித் தொடங்குவதற்கும் இந்தக் குழப்பம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இப்போது வேறு மாதிரி செய்து பார்க்கிறோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து "எப்படிச் சொல்றே?" என்று அதனிடமே கேட்பது. மற்ற வாக்கியங்கள் எல்லாம் முன்வந்து பதில் சொன்னால் அதுதான் மையம், எதுவும் வாய் திறக்காவிட்டால் அது விவரம். இதில் நேரம் ஆகிறது, சில நாள் சண்டையும் வருகிறது, ஆனால் பத்தி முழுவதையும் படிக்காமல் தப்பிக்க முடியாது. மையம் கடைசி வரியில் இருக்கலாம், எந்த வரியிலும் எழுதப்படாமலே இருக்கலாம் என்பதையும் அவள் இப்படித்தான் கண்டுகொண்டாள். உங்கள் நாளிதழிலேயே செய்தி என்றால் முக்கியமானது முதலில் வருகிறது, சிறப்புக் கட்டுரை என்றால் யாரோ ஒருவர் நடந்து வருவதில் தொடங்கி நாலு பத்தி தள்ளித்தான் விஷயம் வருகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். பயிற்சிகளில் வாக்கியங்களைக் கலைத்துப் போட்டுக் கொடுங்கள். சில வாரம் மைய வாக்கியத்தையே எடுத்துவிட்டு, அதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். விடையைத் தலைகீழாக அச்சிடும்போது எண்ணை மட்டும் போடாமல், ஏன் அந்த வாக்கியம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்