பட்டியலில் சிக்காத கொங்குச் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட்டாரச் சொற்களைத் திரட்டும் வேலையைப் பள்ளிகளும் இளைஞர்களும் கையில் எடுத்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் 'ஏனுங்', 'ஒறம்பரை' (உறவினர்), 'சீமாறு' (துடைப்பம்) என்று அதே இருபது சொற்கள்தான். பிழை, கேட்கும் முறையில் இருக்கிறது.

மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதுதான் கவலை. "கவலை ஓட்டும் கயிற்றின் பெயர் என்ன?" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் "கயிறுதானுங்" என்றே பதில் வரும். கேட்பவரின் தமிழுக்கு ஏற்பப் பெரியவர்கள் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்வார்கள். அட்டாலியில் (பரணில்) துருப்பிடித்துக் கிடக்கும், தண்ணீர் மொள்ளும் சால் ஒன்றை இறக்கி முன்னால் வைத்து, எதை எங்கே கட்டுவது என்று கேளுங்கள். சாலை மேலே இழுப்பது வடம். சாலின் அடியில் கட்டிய தோல்வாலை மடக்கிப் பிடித்து, மேட்டுக்கு வந்ததும் தண்ணீரைக் கொட்ட விடுவது வால்கயிறு. வால்கயிறு தளர்ந்தால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே போய்விடும். மோட்டார் வந்ததும் இரண்டு கயிறுகளும் போயின, பெயர்களும் கூடவே போயின.

'இட்டேரி' என்பதற்கு 'வண்டிப்பாதை' என்று பொருள் எழுதிவிட்டுப் போவதும் போதாது. இருபுறமும் கிளுவை வேலி, அதில் படர்ந்த கோவையும் பிரண்டையும், நடுவில் வண்டித்தடம்: இத்தனையும் சேர்ந்ததுதான் இட்டேரி. வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டித் தார் போட்ட பிறகு தடம் அங்கேயே இருந்தாலும் யாரும் அதை இட்டேரி என்பதில்லை. ஆகவே சொல்லோடு ஒரு படமும் வேண்டும்.

முதலில் செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள், எழுதுவது பிறகு. தனிச்சொல்லாக வாங்காமல் முழு வாக்கியமாக வாங்குங்கள். 'என்ற ஊடு' என்று சொன்னால் 'என்னுடைய வீடு' என்று திருத்தாதீர்கள். ஊர்ப் பெயரை விட்டுவிடக் கூடாது. இங்கே அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், செட்டிநாட்டில் அதே சொல் அப்பாவைக் குறிக்கும். அப்பாவைப் பெற்றவருக்கு நம் பக்கத்தில் அப்பாரு என்று தனிச்சொல் உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு இருவருமே 'தாத்தா'. எந்த வழித் தாத்தா என்று விளக்க இப்போது இன்னொரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தங்கள் நாளிதழ் வாரம் ஒரு சொல்லுக்கு இடம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். சொல், அது வரும் வாக்கியம், பொருளின் படம், ஊர் ஆகிய நான்கும் இருந்தால் மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டார வாசகர்கள்