வளையல் போட்டவளுக்கும் இரண்டு காசு: தர்ம நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தர்ம நிதிக் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

ஜனவரி 23, எகிப்தின் அலெக்சாந்திரியா நகர ஆயராக இருந்த புனித யோவானின் திருநாள். அவர் படம் போட்ட பிளெக்ஸைக் கோயில் வாசலில் கட்டியிருக்கிறீர்கள். நாலடி தள்ளி அறிவிப்புப் பலகையில் உதவித்தொகை விதிகள். மூன்றாவது: ‘நகை அணிந்து வருவோரின் விண்ணப்பம் ஏற்கப்படாது.’ ஆறாவது: ‘பயனாளிகள் மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.’ இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அவை யார் சொல்லி வந்தன என்பது உங்களுக்கே தெரியும்.

படத்தில் இருப்பவரிடமே இந்த வழக்கு வந்தது. பாரசீகப் படை சிரியாவுக்குள் புகுந்து, 614-ல் எருசலேமையும் பிடித்தபோது, மக்கள் கூட்டம் கூட்டமாக எகிப்துக்கு ஓடி வந்தார்கள். நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் மருத்துவமனையில் சேர்த்தார் யோவான். நடமாட முடிந்தவர்களுக்குக் கைக்காசு: ஆணுக்கு ஒரு கெராத்தியோன், பெண்ணுக்கு இரண்டு. 24 கெராத்தியோன் சேர்ந்தால் ஒரு பொற்காசு. வந்த பெண்களில் சிலர் கையில் தங்க வளையல். காசு கொடுக்கிறவர்கள் ஆயரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். சாந்தமான அந்த மனிதர் அன்று முறைத்தார். கேட்கிற எவருக்கும் கொடு என்றுதான் கட்டளை; துருவித் துருவி விசாரிக்கிற வேலைக்காரர்கள் கிறிஸ்துவுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்றார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் வீட்டையா தூக்கிக்கொண்டு வருவாள்? கையில் கிடந்தது மட்டும்தான் கூட வரும். அதையும் அகதியிடமிருந்து எவன் நியாய விலைக்கு வாங்குவான்? நம் ஊரிலும் அதே கதைதான். அடகுக் கடைக்குப் போய் மிஞ்சியது ஒரு பொட்டுத் தாலியாக இருக்கும், மற்றது கவரிங். உரசிப் பார்க்கக் கல்லும் வாங்கி வைத்துவிட்டீர்களா?

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. யோவானும் கறாரான ஆள்தான். ஊர் முழுக்க ஒரே எடைக்கல், ஒரே படி என்று ஆணை போட்டார். தம் அலுவலர்கள் கையூட்டுக்குக் கை நீட்டாதபடி சம்பளத்தை உயர்த்தினார். அந்தக் கறார் எல்லாம் கொடுக்கிறவன் பக்கம், விற்கிறவன் பக்கம். வாங்குகிறவள் பக்கம் இல்லை. பதவிக்கு வந்ததும் ‘என் எஜமானர்களின்’ பட்டியலை எடுத்து வரச் சொன்னார். யார் அவர்கள் என்று விழித்தவர்களிடம், ஏழைகள்தான் என்றார். ஆளனுப்பி எண்ணியதில் 7,500 பேருக்கு மேல் தேறினார்கள். அத்தனை பேருக்கும் தினப்படி. நம் படிவமோ குடும்ப அட்டை நகல், அன்பியத் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) தலைவர் கையெழுத்து, கோயில் வரி பாக்கியில்லாச் சீட்டு என்று மூன்று படி ஏறச் சொல்கிறது.

மேடை விஷயம். பிரசவித்த ஏழைப் பெண்களுக்காக நகரத்தின் ஏழு இடங்களில் விடுதி கட்டினார். ஒவ்வொன்றிலும் 40 படுக்கை. ஏழு நாள் படுத்து ஓய்வெடுத்தபின், பொற்காசில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சால்வை கிடையாது, புகைப்படம் கிடையாது. இங்கே போன முறை பிள்ளை பெற்று இருபது நாள் ஆனவளை, புரவலர்கள் எல்லாரும் பேசி முடிக்கும் வரை நிற்க வைத்தீர்கள். பிளெக்ஸில் அந்தப் புரவலர்களின் முகம் புனிதர் முகத்தைவிடப் பெரிசு. அடுத்த வருஷம் புனிதரையே எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு முகத்துக்கு இடம் கிடைக்கும்.

கொஞ்சம் சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சின்னக் காரியம்தான்: மூன்றாவது விதியும் ஆறாவது விதியும் திருநாளுக்கு முந்தின ஞாயிறு முதல் பூசைக்குள் பலகையிலிருந்து போகட்டும். பணத்தை உறையில் போட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், நாங்கள் வருகிறோம்.

பணிவுடன்,
பங்கு மக்கள் சிலர்