புகார் ஏன் வருவதில்லை?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாண அரசு மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். டர்பன் பக்கம் நெடுநாள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "மிரட்டல், அவமதிப்பு என்று எங்களிடம் யாரும் புகார் தரவில்லையே" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்கள். வாஸ்தவம்தான், தரமாட்டார்கள்.

சட்டம் தெரியாததால் அல்ல. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பணியிடத் துன்புறுத்தல் தடுப்பு நெறிமுறை, ஆளை மட்டம் தட்டி மிரட்டுவதையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. தெரிந்தும் நடவடிக்கை எடுக்காத நிர்வாகமே பொறுப்பு என்பது வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. சரி, வார்டில் புகார் முதலில் யார் கைக்குப் போகிறது? டூட்டி பட்டியல் போடுகிறவர் கைக்கு. பெரும்பாலும் திட்டுகிறவரும் அவர்தான்.

அந்தப் பட்டியலின் பலம் வெளியாட்களுக்குப் புரியாது. நோயாளிகள் முன்னால் தன்னைக் கழுதை என்று திட்டியதை ஒரு சின்னப் பெண் எழுதிக் கொடுத்தாள். அவளை யாரும் ஒன்றும் செய்யவில்லை. தீபாவளிக்கு நைட் டூட்டி விழுந்தது. அப்புறம் தைப்பூசக் காவடிக்கும் நைட் டூட்டி. லீவு கேட்டால் ஆள் பற்றாக்குறை. எல்லாம் விதிப்படி; பழிவாங்கல் என்று சொன்னால் எந்த விசாரணையிலும் நிற்காது. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் அதோடு பேனாவை மூடிவிட்டார்கள்.

பயிற்சி டாக்டர்கள் பாடு இன்னும் மோசம். இரண்டு வருடப் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவரே கத்துகிறவராகவும் இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? அதற்கப்புறம் ஒரு வருடக் கட்டாயச் சமூக சேவை வேறு. "பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு கண்ணு" என்றுதான் வீட்டிலும் சொல்வார்கள்.

2021 ஆகஸ்டில் கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறையின் கணக்கு அதிகாரி, ஊழலை வெளியே சொன்ன பபிதா தியோகரன், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது ஊழல் விவகாரம், இது வேறு என்பீர்கள். டீ ரூமில் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை.

ஆகவே, புகார் வார்டுக்கு வெளியே, முடிந்தால் மருத்துவமனைக்கே வெளியே உள்ள ஒருவரிடம் போகட்டும். புகார் தந்தவரின் பட்டியலையும் லீவையும் கொஞ்ச காலம் வேறொருவர் சரிபார்க்கட்டும். துன்புறுத்தல் வழக்கைத் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையத்துக்கு (CCMA) கொண்டுபோக ஆறு மாதம்தான் அவகாசம். "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று நீங்கள் இழுத்தாலே அது கரைந்துபோகும். எனவே பதிலைத் தேதி போட்டு, எழுத்தில் கொடுங்கள். புதுப் போஸ்டர் அச்சடிக்கும் வேலையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
சாட்ஸ்வர்த்