பூச்சந்தைப் படங்களைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். மும்பை தாதர் பூச்சந்தையில் விடியற்காலையில் நீ எடுத்து அனுப்பிய படங்களை இருவரும் கணினித் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமரா ஒன்று வாங்கிவிட்டால் இவற்றில் உள்ள குறைகள் தீர்ந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தக் கருவி வேண்டும் என்பதை விளம்பரமோ நண்பர்களோ முடிவு செய்யக் கூடாது. எடுத்த படங்களுள் எது எதனால் கெட்டது என்று பொறுமையாகப் பார்த்தால், வாங்க வேண்டியதும் வேண்டாததும் தாமே தெரிந்துவிடும். உன் படங்களை அப்படிப் பார்த்ததில் எனக்குப் புலப்பட்டவற்றை எழுதுகிறேன்.

கூடைகளை இறக்கும் ஆட்களின் படங்களில் நிழல் பகுதி முழுவதும் பொரிபொரியாக நாய்ஸ் ஏறியிருக்கிறது. படத்தோடு பதிவாகியிருந்த விவரங்களைப் பார்த்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டியிருக்கிறாய், அந்த நீளத்தில் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது). ஆகவே கேமரா ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றியிருக்கிறது. எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு லென்ஸ் அதே இடத்தில் ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். முழு ஃபிரேம் சென்சாரின் பரப்போ உன்னிடம் இருப்பதைவிட இரண்டேகால் மடங்கு சொச்சம்தான் பெரியது. பெருந்தொகை கொடுத்துப் பெறும் இரண்டேகால் மடங்கைவிட, அதில் சிறு பங்கு கொடுத்துப் பெறும் ஒன்பதரை மடங்கு உன் தேவைக்குப் பொருத்தமானது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்தான்.

50 மி.மீ. லென்ஸ் இதைவிட மலிவாகக் கிடைக்குமே, ஏன் 35 என்று நீ கேட்கலாம். உன் படங்களில் பெரும்பாலானவை 55 மி.மீ.-இல் எடுத்தவை, அதாவது நீ எட்டவே நின்றிருக்கிறாய். உன் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையைத் தரும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே பிரெசோன் தம் வாழ்நாளில் பெரும்பாலும் அந்த ஒரே பார்வையைக் கொண்டுதான் படமெடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் பூக்கட்டுபவரின் முகம் வேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நின்று, வணக்கம் சொல்லி, பேச்சுக் கொடுத்தாக வேண்டும். உன் படங்களில் நான் காணாதது அந்தப் பேச்சுதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உன்னைக் கவனிக்கவே இல்லை. தூரத்திலிருந்து எடுக்கப்பட்ட மனிதர்களாகவே தெரிகிறார்கள். துவாரத்தை முழுவதும் திறந்தால் ஒரு கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எஃப் 2.8 அல்லது 4-க்குக் குறுக்கிக்கொள்.

சரம் தொடுக்கும் விரல்கள் கலங்கியிருப்பதற்குக் காரணம் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்ததுதான். கேமரா ஆடவில்லை, விரல்கள் ஆடியிருக்கின்றன. பழகிய கை பூவைச் சுற்றி நார் போடும் வேகத்துக்கு 1/250 வேண்டும். அப்போது வேறொரு சிக்கல் வரும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் மலிவான எல்இடி விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகமானால் படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் விழும். உன் கேமரா மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்கிவிடு. இல்லையென்றால் அந்த விளக்கின் கீழ் 1/100-இல் வைத்துக்கொண்டு, விரல்கள் ஒரு முடிச்சை இறுக்கி நிற்கும் கணத்துக்குக் காத்திரு. அந்த நிறுத்தம் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒருமுறை வந்தே தீரும். நாலைந்து முடிச்சுகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் தாளம் பிடிபட்டுவிடும்.

செண்டுமல்லிக் குவியலின் முன் உட்கார்ந்திருக்கும் அந்த வயதான அம்மாளின் படத்தைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொகுப்பிலேயே நல்ல படமாக வந்திருக்க வேண்டியது அது. அவர் மூக்கின் ஒரு பக்கமும் நெற்றியும் நீலம் பாய்ந்திருக்கின்றன. பூக்குவியலோ இதழ் எதுவும் பிரிந்து தெரியாமல் ஒரே ஆரஞ்சுப் பூச்சாகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. மேலே கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாய் வழியாக இறங்கும் ஒளியில் சிவப்பு மிகக் குறைவு. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருப்பினாலும், வராத சிவப்பை உண்டாக்க முடியாது. தார்ப்பாய் முடியும் விளிம்பில், திறந்த வானத்தின் ஒளி பக்கவாட்டில் விழும் இடத்தில் ஒருவர் உட்காரும் வரை காத்திருப்பதுதான் இதற்கு மருந்து. பூவின் கதை அதுவல்ல. அதன் மேல் கடையின் மஞ்சள் விளக்கு நேராக அடித்திருக்கிறது. ஒளி எவ்வளவு விழுந்தது என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாக இருந்ததாக எழுதியிருந்தாய். அது மூன்று நிறங்களையும் சேர்த்துக் காட்டும் ஹிஸ்டோகிராம். செண்டுமல்லி, ரோஜா, பட்டுப்புடவை ஆகியவற்றில் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்துவிடும். மொத்தக் கணக்கில் அது தெரியாது. நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திரையில் வைத்துக்கொண்டு, சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டாதவாறு எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடு (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). முகம் சற்று இருண்டாலும் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வழிந்து போன சிவப்பை மீட்க வழியில்லை.

முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்வது, சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை நம்பித்தான். நீ ஜேபெக்கில் மட்டும் எடுத்திருக்கிறாய். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. இருண்ட முகத்தைத் தூக்கும்போது தோலில் திட்டுத்திட்டாகப் பிளவு வருவதற்கும் வராததற்கும் உள்ள வேறுபாடு அதுதான். மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று கவலைப்படாதே. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டும் இந்த வேலையை நிறைவாகச் செய்யும்.

திருத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அது என் தொழில். ஸ்டுடியோவில் டச்சிங் வேலை முழுவதையும் நான்தான் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். முகத்தில் இருக்கும் கரும்புள்ளி நெகட்டிவ்வில் அடர்த்தி குறைந்த தெளிந்த புள்ளியாக நிற்கும். அதன் மேல் பென்சில் பிடிப்பதற்கான மீடியம் என்ற திரவத்தைத் தடவி, காய்ந்தபின், கூராகச் சீவிய பென்சிலால் அழுத்தாமல் சிறுசிறு சுழிகளாக இட்டு, சுற்றியுள்ள அடர்த்திக்குச் சமமாக்கினால், பிரிண்டில் அந்தப் புள்ளி மறையும். ஒரு சுழி அதிகமானாலும் அங்கே வெள்ளைத் திட்டு விழுந்து, தொட்டிருப்பது தெரிந்துவிடும். அடுத்த வாரம் தானே ஆறிப் போகும் பருவை எடுக்கலாம். அந்த மனிதரோடு இருக்கப்போகும் மச்சத்தையும் தழும்பையும் சுருக்கத்தையும் தொடக் கூடாது என்பதை நான் கடைப்பிடித்தேன். இன்றைய மென்பொருள் ஒரே சொடுக்கில் தோலை முழுவதும் வழித்துவிடுகிறது. நீ அந்த அம்மாளின் கன்னத்தை அப்படி வழித்துவிட்டிருக்கிறாய், பூ. அவர் வயதும் உழைப்பும் அந்தச் சுருக்கங்களில்தான் இருந்தன. தயவுசெய்து அதைத் திரும்பக் கொண்டுவா.

அவர் தோலின் நிறத்தையும் வெளுப்பாக்கியிருக்கிறாய். ‘கொஞ்சம் கலராக வையுங்கள்’ என்று கேட்டு வந்தவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு, குறிப்பாகப் பெண் பார்க்க அனுப்பும் படங்களுக்கு. ஒரு மனிதரின் மாநிறத்தை அவருக்குத் தெரியாமல் வெளுப்பாக்குவதை நான் ஒருபோதும் ஏற்கவில்லை. நீயும் ஏற்கக் கூடாது. கறுத்த தோலில் ஒளி விழும் விதமே தனி அழகு. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுமினுப்பு நிற்கும். எக்ஸ்போஷரை மேலேற்றினால் முதலில் அழிவது அதுதான். முகத்தின் ஒளிமிக்க பகுதியை அளவாக நிறுத்தி, நிழலை நிழலாகவே விட்டுவிடு.

அதற்காகத் திருத்தவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் புகைப்படக்காரருமான கேப்டன் லினேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். அக்காலத்து ரசாயனம் நீலத்துக்கு மிகுதியாக வினைபுரிந்ததால் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். அதனால் அவர் பல நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்தார். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழும் காட்சியை எடுத்தார். ஒரே நெகட்டிவ்வைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டு, வானத்தைப் படிப்படியாக இருளாக்கிக்கொண்டே போனார். நெகட்டிவ்வைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரின் கீழ், கம்பியில் ஒட்டிய வட்ட அட்டையை ஆட்டி ஆட்டி முகத்துக்கு ஒளியைக் குறைப்பதும், உள்ளங்கையைக் குவித்து ஓரங்களுக்கு மட்டும் கூடுதலாகக் காட்டுவதும் அப்பாவின் அன்றாட வேலை. நீ செய்ய வேண்டியதும் அதே. முழுப் படத்துக்கும் கான்ட்ராஸ்டையும் நிறத்தையும் ஏற்றும் பிரீசெட்டை விட்டுவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் பிரிக்கும் மாஸ்க் போட்டு, அந்த அம்மாளின் கைகளைக் கால் ஸ்டாப் தூக்கு. பின்னால் கண்ணை உறுத்தும் வெள்ளைச் சாக்குமூட்டையை அரை ஸ்டாப் இறக்கு. பார்ப்பவரின் கண் தானே விரல்களுக்குப் போகும். திரையின் பிரகாசத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு வேலை செய். முழுப் பிரகாசத்தில் சரியாகத் தெரிவது பிரிண்டில் இருட்டாகவே வரும்.

புதிதாக எதுவும் தோன்றவில்லை, எல்லோரும் எடுத்ததையே எடுக்கிறேன் என்ற உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. கைப்பேசியில் ஓடிக்கொண்டே இருக்கும் படங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒருவரின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படி. நீ இருக்கும் நகரிலேயே தொடங்கலாம். ஹோமாய் வியாரவாலா மும்பையில் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். 1942-இல் தில்லிக்குப் போகும் முன், தம்முடன் படித்த பெண்களையும் நகரத்தின் அன்றாட வாழ்வையும் படமெடுத்தார். அவர் எடுத்த தொடக்க காலப் படங்கள் சில கணவர் மானெக்‌ஷாவின் பெயரில் வெளியாயின. 2011-இல் பத்ம விபூஷண் பெற்ற அவரை இன்று நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்கிறோம். ஸ்டுடியோவின் முத்திரைக்குப் பின்னால் வேலை செய்த எனக்கு அவர் படங்கள் தனிப்பட்ட முறையில் நெருக்கமானவை. அவர் பெண்களை எடுத்த படங்களில் அவர்கள் அவரை நம்பியிருப்பது தெரிகிறது. அந்த நம்பிக்கை எப்படிக் கிடைத்தது என்று யோசி. அடுத்து ரகுபீர் சிங்கின் வண்ணப் படங்களைப் பார். மும்பை நெரிசலில் ஒரே சட்டகத்துக்குள் நாலைந்து சங்கதிகள் நடக்கும், ஒன்றை ஒன்று மறைக்காது. உன் சந்தைப் படங்களில் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அவர் எங்கே நின்றிருப்பார் என்று ஒவ்வொரு படத்திலும் கண்டுபிடிக்க முயன்றால், நீ எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியத் தொடங்கும். ஊருக்கு வரும்போது நம் கும்பகோணத்து நாகேஸ்வரன் கோயிலுக்குப் போவோம். கருவறைச் சுவரின் சிற்பங்களில் பக்கவாட்டு வெயில் படும் நேரத்தில், உதட்டின் வளைவு வரை ஒளி எப்படிச் செதுக்கிக் காட்டுகிறது என்பதை உனக்குக் காட்ட வேண்டும்.

மும்பையில் மழைக்காலம் நீளமானது. லென்ஸைத் தோல் பைக்குள்ளேயே வைத்துவிடாதே. பூஞ்சை பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்துக்கொள்.

இனி நீ செய்ய வேண்டியது. புது லென்ஸோடு அதே சந்தைக்கு, அதே அம்மாளிடம் போ. நன்றாக வந்த படத்தை மேக்ஸி பிரிண்ட் போட்டு முதலில் அவர் கையில் கொடு. வீட்டில் மாட்டுவதற்கு ஒரு பெரிய படம் வேண்டுமா என்றும் கேள். எடுத்தவற்றை அன்றே தேர்ந்தெடுக்காமல் ஒரு வாரம் ஆறப் போட்டு, பிறகு பத்தே படங்களைப் பொறுக்கு. தீபாவளிக்கு வரும்போது அந்தப் பத்தையும், கழித்தவற்றையும், திருத்தாத ரா கோப்புகளையும் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவா. கழித்தவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பொங்கல் வரை இப்படி எடுத்த பிறகும், இந்தச் சென்சார் தாங்காமல்தான் படம் கெடுகிறது என்று உன் படங்களே காட்டினால், முழு ஃபிரேம் கேமராவுக்கு என் பங்காகப் பாதிப் பணம் தருகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா
கும்பகோணம்