கேப்பைப் பால் நல்லது, ஆனால் குழந்தையின் பாலுக்கு மாற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தானியங்களில் இருந்து வீட்டிலேயே பால் எடுப்பது பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஓட்ஸைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி வடிகட்டினால் போதும், காய்ச்சத் தேவையில்லை, பசும்பாலுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்று இருந்தது. தானியப் பால் செய்யச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் வீட்டிலேயே கேப்பையில், அதாவது கேழ்வரகில், செய்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிறு உப்பிவிடும். குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்ற அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் ஒன்றே கால் வயதுக் குழந்தை ஒன்றின் எடை இரண்டு மாதமாக ஏறவே இல்லை. வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துவிட்டது. விசாரித்தால், பால் கொடுத்தால் சளி பிடிக்கிறது என்று பாலை நிறுத்திவிட்டு, செல்போனில் பார்த்த முறைப்படி தானியப் பால் வடிகட்டி மூன்று வேளையும் கொடுத்திருக்கிறாள் தாய். அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. விடியற்காலையில் எழுந்து ஊறவைத்ததை அரைத்து, பிழிந்து, காய்ச்சி, அவ்வளவு பொறுப்பாகச் செய்தாள். அவளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடி பாலும், முட்டையும், பருப்பு மசித்த சோறும் ஆரம்பித்த பிறகு எடை ஏறியது.

அந்தக் கணக்கு இதுதான். 200 கிராம் கேப்பையில் ஒரு லிட்டர் பால் எடுக்கலாம். அந்த 200 கிராமில் உள்ள புரதம் ஏறக்குறைய 14 கிராம். ஒரு துளி வீணாகாமல் அத்தனையும் பாலில் இறங்கினாலும் 200 மில்லி டம்ளருக்கு 3 கிராம்கூட வராது. அதே டம்ளர் பசும்பாலில் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தில் (கால்சியம்) நம் தானியங்களில் கேப்பையை மிஞ்ச ஆளில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராமில் 364 மில்லிகிராம். ஆனால் அதையும் ஒரு லிட்டர் பாலாக விரித்துப் பாருங்கள், டம்ளருக்கு 145 மில்லிகிராம்தான். பசும்பாலில் 230-ஐத் தாண்டும். அந்த 145-ம் முழுசாக வராது. கேப்பையின் சுண்ணாம்புச் சத்தில் நல்ல பங்கு மேல்தோலில் இருக்கிறது, தோல் வடிகட்டும் துணியிலேயே தங்கிவிடும். பி12 வைட்டமின் எந்தத் தானியத்திலும் கிடையாது. கடையில் விற்கும் தானியப் பால் பெட்டிகள் பலவற்றில் இவற்றைத் தனியாகச் சேர்க்கிறார்கள். வீட்டில் பிழிகிற பாலில் யார் சேர்ப்பது?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு கேப்பைப் பாலைக் கருப்பட்டியோடு கஞ்சியாகக் கிளறி ஊட்டுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது, மிக நல்ல வழக்கம். ஆனால் அது தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டுகிற உணவு. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வைப்பது அல்ல. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்து, முதல் பால், இரண்டாம் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய பருத்திப்பாலைத் தெருவுக்குத் தெரு குடித்து வளர்ந்த ஊர் இது. பால் என்று பெயர் இருப்பதால் அதைக் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டிய தாயை நான் பார்த்ததில்லை.

சரி, பெரியவர்களுக்கு, பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எப்படிச் செய்வது என்றும் எழுதிவிடுகிறேன், உங்கள் பக்கத்தில் நம் தானியம் ஒன்றுகூட இல்லை.

கேப்பையில் பொடி மணல் இருக்கும். நாலைந்து தடவை கழுவி, கல் அடியில் நிற்கும்படி அரித்து எடுக்க வேண்டும். இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துவிட்டு ஈரத்துணியில் கட்டி வையுங்கள். வெயில் காலத்தில் மறுநாளே முளை எட்டிப் பார்த்துவிடும், மார்கழியில் இன்னொரு நாள் கேட்கும். நடுநடுவே தண்ணீர் தெளிக்காவிட்டால் புளித்த வாடை வரும், அப்படி வந்தால் யோசிக்காமல் கோழிக்குப் போட்டுவிடுங்கள். எள்ளளவு முளை போதும். நீளமாக விட்டால் பாலில் வேர் வாடை ஏறும். அப்புறம் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் பிழிய வேண்டும். டீ வடிகட்டியில் வடித்தால் தோல் இறங்கித் தொண்டையில் கரகரக்கும். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பாலும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சுவதில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் தீயைக் கூட்டினால் மாவு வெந்து கூழாகிவிடும். சிம்மில் வைத்து, விரலை விட்டால் உடனே எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு வந்ததும் அதே சூட்டில் அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்னும் நொதி உண்டாகிறது. அது அந்தச் சூட்டில் மாவுச்சத்தை உடைத்துப் பாலை இளக்கும், லேசாக இனிப்பும் ஏறும். அதற்குப் பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டாலும் பழைய கெட்டி திரும்பாது. அங்கன்வாடிச் சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு மாவு கொஞ்சம் சேர்ப்பதற்கும் இந்தக் குணம்தான் காரணம். கஞ்சி இளகும், குழந்தை இரண்டு வாய் கூட விழுங்கும்.

கடை ஓட்ஸில் இது நடக்காது. அது ஆவியில் வெந்து தட்டையாக்கி வருவது, முளைக்கவும் முளைக்காது, அதன் சொந்த நொதியும் வெந்துபோயிருக்கும். அதனால்தான் சுட வைத்தால் வழவழக்கிறது, காய்ச்சாமல் குடிக்கச் சொல்கிறார்கள். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியலாளர் ரிக்கார்ட் ஓஸ்டே 1990-களின் தொடக்கத்தில் ஓட்ஸ் பானம் உருவாக்கியபோது நொதியைத் தனியாகச் சேர்த்துத்தான் அந்தப் பதத்தைக் கொண்டுவந்தார். அந்த நொதியை நம் ஈரத்துணி முடிச்சு இலவசமாகத் தருகிறது. ஒரு லிட்டர் ஓட்ஸ் பால் பெட்டியின் விலை அதிகம். 200 கிராம் கேப்பைக்கு அதில் சிறு பங்குதான் ஆகும்.

காய்ச்சாமல் எந்தத் தானியப் பாலையும் குடிக்க வேண்டாம். மதுரை வெயிலில் ஊறிய தானியத்தில் கிருமி பெருக அதிக நேரம் ஆகாது. காய்ச்சிய பாலும் பிரிட்ஜில் இரண்டு நாள், வெளியில் என்றால் அந்த வேளைக்கு மட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பாலை நான் சொல்லமாட்டேன். நார்ச்சத்தை வடித்துவிட்டு, மாவுச்சத்தையும் உடைத்து இனிப்பாக்கியது அது, ரத்தத்தில் சீக்கிரம் ஏறிவிடும். அவர்களுக்கு வடிகட்டாத கூழே நல்லது.

சக்கையைத் தயவுசெய்து குப்பையில் கொட்டாதீர்கள். மேலே சொன்ன சுண்ணாம்புச் சத்தில் நல்ல பங்கு அதில்தான் இருக்கிறது. அன்றைக்கே தோசை மாவிலோ, முருங்கைக்கீரை போட்ட அடையிலோ கலந்துவிடலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால் பிழிந்து கொடுப்பதைவிட முழுக் கேப்பையில் புட்டும் அடையும் செய்து கொடுப்பதுதான் எனக்குப் பிடித்தது.

வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள்: தானியப் பால் தாய்ப்பாலுக்கும் மாற்று அல்ல, சிறு குழந்தைகளுக்குப் பசும்பாலுக்கும் மாற்று அல்ல, பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் தாய்மார்கள் கட்டாயம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.