வால்வு ரேடியோவுக்கு மாற்று டிரான்ஸ்ஃபார்மர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் என் கண்கட்டைப் பிரித்தார்கள். முதலில் படித்தது உன் கையெழுத்தைத்தான். உன் அப்பாவின் வால்வு ரேடியோ, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, புகைந்து நின்றுவிட்டது என்றதும் மனம் கனத்துப்போனது. நிலையம் பிடிபடும்போது ரேடியோ முகப்பில் ஒளிரும் அந்தப் பச்சைக் கண்ணின் நிழல் மெல்லச் சுருங்குமே, அதைப் பார்ப்பதற்காகவே நாம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்க அவசரப்படாதே. பழையது ஏன் எரிந்தது என்று தெரியாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் எரியும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. அரை மணி நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. துழாவிப் பார்த்தால், இ.எல்.84 வால்வின் கிரிட்டுக்கு, அதாவது வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, போகும் சின்னக் காகிதக் கப்பாசிட்டர் கசிந்திருந்தது. கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்திருக்கிறது. அதையும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்களையும் முதலில் மாற்றிவிடு. கை வைப்பதற்கு முன் அவற்றில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட மறக்காதே.

நீ எழுதிய வால்வுகளுக்குக் கணக்குப் போட்டேன். வால்வுக்குள் சூடேற்றும் இழையான ஹீட்டர் எல்லாமே 6.3 வோல்ட். இ.எல்.84-க்கு 0.76 ஆம்பியர், இ.இசட்.80-க்கு 0.6, இ.ஏ.பி.சி.80-க்கு 0.45, மற்ற மூன்றுக்கும் சேர்த்து 0.8. டயல் விளக்குகள் இரண்டையும் சேர்த்தால் 3.2 ஆம்பியர் வருகிறது. ஹீட்டர் சுருள் 4 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். உயர் வோல்ட் பக்கம் 250-0-250, அதாவது நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 250 வோல்ட், 90 மில்லி ஆம்பியர் போதும். கூடுதல் ஆம்பியர் தாங்குவதால் கெடுதல் இல்லை, கூடுதல் வோல்ட்தான் ஆபத்து. 300-0-300 கையில் கிடைத்தது என்று போட்டுவிடாதே.

என்னைக் கேட்டால், பழைய டிரான்ஸ்ஃபார்மரையே திரும்பக் காயில் கட்டச் சொல்வேன், அதாவது புதுக் கம்பி சுற்றச் சொல்வேன். ரேடியோவின் அடித்தகடான சேஸிஸில் வெட்டிய ஓட்டையும் போல்ட் இடைவெளியும் அப்படியே பொருந்தும். அப்பா தொட்ட இரும்பும் உள்ளேயே இருக்கும். மேல் காகிதத்தை உரித்தால் பெரும்பாலும் முதலில் தெரியும் தடித்த கம்பிதான் ஹீட்டர் சுருள். அவசரமில்லாமல் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, தாளில் கோடு போட்டு எண்ணு. 25 சுற்று வந்தால் வோல்ட்டுக்கு ஏறக்குறைய 4 சுற்று; வீட்டு மின்சாரம் நுழையும் 230 வோல்ட் பிரைமரிச் சுருளுக்கு 900 சுற்றை ஒட்டி வரும். காயில் கட்டுபவர் மற்றதை இதிலிருந்தே கணக்கிட்டுவிடுவார்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ரேடியோவுக்குப் போகும் மின்சாரம் முழுதும் அதன் வழியாகவே போகும்படி 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துக்கொள். அது ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடு.

நானே வந்து உட்கார்ந்து பிரிக்க ஆசைதான். இன்னும் ஒரு மாதத்துக்கு சால்டரிங் புகைப் பக்கமே போகக் கூடாது என்கிறார் டாக்டர். அதுவரை காத்திருக்க வேண்டாம், சுற்றுகளை எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்